உப்புக் காற்றில் ஓடும் ஜப்பான் வண்டிகள்

காலை ஆறு மணிக்குக் கல்முனைப் பட்டினத்தின் பெருந்தெருவோரம் நின்று போக்குவரத்தைச் சற்றே நோக்குவோர் ஒரு காட்சியைக் காணாதிரார். புத்தம் புதிய மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாய் விரையும். அவற்றின் நடுவே, நாற்பது வயதைக் கடந்த முதிய வண்டிகள் சிலவும் கூச்சமின்றிச் செல்லும். பின்னே மீன் பெட்டி கட்டிய ஹொண்டா சி. 90 ஒன்று, ஜப்பானியத் தபாற்காரருக்கென்று செய்யப்பட்டு, அந்நாட்டுத் தபாலின் செந்நிறம் இன்னும் முழுதும் போகாத எம்.டி. 90 ஒன்று, உர மூடையைச் சுமந்து வட்டைக்குப் புறப்பட்ட சி.டி. 125 ஒன்று. இவற்றை ஓட்டுவோர் பழம்பொருள் சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்து மகிழும் செல்வர் அல்லர். பொழுது விடிந்தால் வண்டி ஓடியாக வேண்டிய குடும்பத்தார். ஆகையால் இந்த வண்டிகள் எவ்வாறு இத்தனை காலம் உயிர் வாழ்கின்றன என்னும் வினா, வேடிக்கை வினா அன்று.

இக்கரையை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை நோக்கி வரும் ஏ-4 நெடுஞ்சாலை, அக்கரைப்பற்றைத் தாண்டியதும் கடலோடு ஒட்டியே செல்கிறது. அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் நூலிற் கோத்த மணிகள் போல் அடுத்தடுத்து வரும். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி அமைந்திருப்பதால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தைப் புதியவர் கண்டுபிடித்தல் அரிது. வீடுகள் கிழக்கே கடலோரத்தில், வயல்கள் மேற்கே. வயற்பரப்பைத்தான் இப்பகுதியார் வட்டை என்பர். விடியற்காலையில் வட்டைக்கு ஐந்தாறு மைல் போய், தண்ணீர் பார்த்துத் திரும்பி, எட்டு மணிக்குக் கந்தோருக்கோ கடைக்கோ செல்ல வேண்டியவருக்குக் காரும் பயன்படாது, பேருந்தும் உதவாது. வரம்பிலும் ஏறக்கூடிய, மணலிலும் தள்ளக்கூடிய, எடை குறைந்த இரு சக்கர வண்டியே அவருக்குத் துணை.

இத்துணை வண்டிகள் எப்போது வந்தன? 1950களிலும் 1960களிலும் இலங்கையில் மோட்டார் சைக்கிள் என்றால் பி.எஸ்.ஏ., ட்ரயம்ப், நோர்ட்டன் முதலிய ஆங்கிலேய வண்டிகளே நினைவுக்கு வரும். அவை கனத்த வண்டிகள், எண்ணெய் சொட்டுபவை, உதைத்து இயக்குவதற்கே நல்ல உடற்கட்டு வேண்டும். 1970க்குப் பின் இறக்குமதி மிகவும் ஒடுங்கிற்று. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை வாயிலைத் திறந்து விட்டதும், ஜப்பானில் ஓடி முடித்த சிறு வண்டிகள் கப்பல் கப்பலாய் வந்திறங்கின. அதே காலத்திற்றான் இக்கரையின் இளைஞர் பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் முதலில் கிணற்றுக் கட்டும், அடுத்து வீட்டுக் கூரையும், மூன்றாவதாக ஒரு ஹொண்டாவும் வந்தன என்று முதியோர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

மருதமுனை அன்பர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றை ஈண்டுச் சொல்லலாம். ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் தொட்டில், ஹமமட்சு என்னும் நகரம். ஹொண்டா, சுசுகி, யமஹா ஆகிய மூன்று பெயர்களும் அந்த ஒரே நகரத்திற் பிறந்தவை. அவற்றுள் சுசுகியின் மூலம் யாதெனில், கைத்தறி! மிச்சியோ சுசுகி என்பார் 1909இல் அங்கு தொடங்கியது நெசவுத் தறி செய்யும் பட்டறை. தறி செய்த கைகளே 1952இல் சைக்கிளுக்கு இயந்திரம் பூட்டின. யமஹாவோ 1887இல் ஆர்மோனிய இனத்தைச் சேர்ந்த இசைக்கருவி ஒன்றைப் பழுது பார்த்ததிலிருந்து கிளைத்தது. சாரமும் சேலையும் நெய்து நாடெங்கும் அனுப்பும் மருதமுனையின் தெருக்களில் சுசுகி ஒன்று ஓடும்போது, தறி தன் இனத்தாரைக் காண வந்தது போல் எமக்குத் தோன்றுவதுண்டு.

சொய்ச்சிரோ ஹொண்டா என்னும் கொல்லர் மகனின் கதை பலர் அறிந்தது. போர் முடிந்து, பேருந்தும் பெற்றோலும் அரிதாயிருந்த 1946இல், இராணுவத்தார் கைவிட்ட சிறு மின்னாக்கி இயந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களிற் பூட்டி விற்றார் அவர். 1948இல் அவரது கம்பனி உருவாயிற்று. பத்தாண்டு கழித்து, 1958இல், சுப்பர் கப் என்னும் சிறு வண்டி வெளிவந்தது. அவருடைய கூட்டாளி தக்கியோ புஜிசாவா விதித்த நிபந்தனை விசித்திரமானது: உணவுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டியாய் அஃது இருக்க வேண்டும். அதனாற்றான் கிளச்சைக் கையால் அமுக்கும் வேலையே இல்லாமற் போயிற்று. காலால் கியரை மிதித்தால் கிளச் தானே விலகும். இயந்திரம் வேகங்கொண்டால் தானே பற்றும். நடுவில் தாங்கி இல்லாத தாழ்ந்த சட்டம். சேறு தெறியாத கால் மறைப்பு. சங்கிலியை முழுதும் மூடிய உறை. சி. 50, சி. 70, சி. 90 எல்லாம் இந்த ஒரே குலத்தவை. எம்.டி. 90 என்பதும் அக்குலத்ததே; சக்கரம் சற்றுச் சிறிது, முன் முட்டி வேறு விதம். 2017இல் இக்குல வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைக் கடந்தது. மனிதன் செய்த இயந்திர வாகனங்களுள் இத்தொகையை எட்டியது வேறொன்று இல்லை.

தட்டேந்திய பையனுக்காக எண்ணிச் செய்தது, சாரம் உடுத்த மீன் வியாபாரிக்கும் சேலை உடுத்த ஆசிரியைக்கும் அப்படியே பொருந்தியது. தாழ்ந்த சட்டத்தின் மேல் காலைத் தூக்கிப் போட வேண்டுவதில்லை. பின்னே பெட்டி கட்டியிருந்தாலும் முன்னாலேயே ஏறி உட்காரலாம். எவரோ எம் ஊரை வந்து பார்த்துப் போய் வரைந்த படமோ என்று ஐயுறுமளவுக்குப் பொருத்தம்.

நிற்க. எம் வீட்டு வண்டியும் ஒரு சி. 90 தான். ஆசிரியராயிருந்த எம் தந்தையார் 1984இல் வாங்கியது. 2001இல் நாமும் ஆசிரியப் பணியில் அமர்ந்தபோது எம் கைக்கு வந்தது. அதை ஆதி முதல் இன்றளவும் பார்த்து வருபவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த ஒரு கைவினைஞர். எம் தந்தையாருக்கு அவர் 'தம்பி', எமக்கு 'காக்கா'. தந்தையாரை அவர் 'மாஸ்டர்' என்பார். எம்மைச் 'சேர்' என்பார். பெயர் வேண்டா என்பது அவர் விருப்பம்.

காக்காவின் கராஜில் வண்டி ஏறியதும் அவர் இயந்திரத்தை நோக்குவதில்லை. எண்ணெய்த் துணியால் சட்டத்தில் பொறித்த எண்ணைத் துடைத்து, விளக்கைப் பிடித்துப் படித்துப் பார்ப்பார். பிறகுதான் மற்றவை. இப்பழக்கத்தின் பொருள் எமக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கிய இடம் பின்னர் வரும்.

கடலோர வாசிகளின் பெரும்பகைவன் உப்பு. சுப்பர் கப்பின் சட்டம் குழாய்களாலானது அன்று. தகட்டை அச்சில் அழுத்தி இரு பாதிகளாக்கி ஒட்டியது. வெளியே வர்ணம் பளபளக்கும். உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். பற்றரிப் பெட்டியின் அடி, பின் சக்கரத்தைத் தாங்கும் அச்சு, மட்காட்டின் உட்புறம் ஆகிய இடங்களை மழைக்கு முன் திறந்து பார்த்து, நன்னீரால் கழுவி, வெயிலில் உலர்த்தி, பழைய எண்ணெய் பூசி வைத்தால் வண்டி இருபது வருடம் கூட வாழும். பூசாவிட்டால் ஒரு நாள் குழியில் விழுந்து எழும்போது சட்டம் இரண்டாகும்.

இயந்திரத்துக்கு உயிர் எண்ணெய். சி. 90க்கு ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெயே உண்டு. அந்த ஒரே எண்ணெய்தான் மேலே வால்வுகளை இயக்கும் தண்டையும், நடுவே பிஸ்ரனையும், கீழே கியர்ப் பற்களையும், கிளச்சையும் நனைக்கிறது. பெரிய வாகனங்களைப் போல் மாற்றத்தக்க எண்ணெய் வடிகட்டியும் அதற்கில்லை. சிறிது கறுத்தாலும் சிறிது குறைந்தாலும் முதலில் தேய்வது மேலேயுள்ள தண்டு. "எண்ணெய் மாத்தாம ஓடினா ஜப்பான்காரனும் என்ன செய்யிற சேர்?" என்பது காக்காவின் வழக்கமான கேள்வி. யாராவது புதுப் பாகம் ஒன்று வேண்டுமென்று அவசரப்பட்டால், "முதல்ல எண்ணெய மாத்துங்க, மறுகா பாப்பம்" என்று விடுவார். பாதி நோய்கள் அத்துடன் தீர்ந்து விடுவதை நாமே கண்டிருக்கிறோம்.

எண்ணெய் மாற்றாத மாந்தரை ஜப்பானியரும் அறியாதவர் அல்லர். ஹொண்டா கம்பனியின் பொறியியலாளர் ஆசிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தபோது, வண்டிகள் அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்படுவதையும் கவனிப்பாரற்று ஓடுவதையும் கண்டு, அதற்கேற்ப ஒரு வண்டியை வகுத்தனர். 1976இல் வெளிவந்த சி.ஜி. 125 அதுவே. தலையில் சுழலும் தண்டை நீக்கி, பழைய முறைப்படி தள்ளுகோல்களால் வால்வைத் திறக்கச் செய்தார்கள். புதுமையிலிருந்து ஒரு படி இறங்கி வந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவ்விறக்கம் அறிவுடைமை. பாகிஸ்தானில் அவ்வண்டி இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது.

இனி மாற்றங்களைப் பற்றி. பழைய வண்டியை உள்ளது உள்ளவாறே காக்க வேண்டும் என்போர் ஒரு சாரார். தம் மனம் போல் மாற்ற வேண்டும் என்போர் மற்றொரு சாரார். நாளும் ஓட்டுபவர் இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. எம் வண்டி வந்தபோது அதன் மின்சாரம் 6 வோல்ட். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது முன் விளக்கு மெழுகுவர்த்தி அளவுக்கு மங்கும். ஒலுவில் வெளியில் இரவில் மாடு குறுக்கே படுத்திருந்தால் அருகே போன பின்னரே தெரியும். 2003இல் காக்கா அதனை 12 வோல்ட்டாக்கினார். மெக்னட்டோவின் விளக்குச் சுருளை அவிழ்த்து, மெல்லிய கம்பியால் கூடுதல் சுற்றுகள் சுற்றி, பற்றரி, மின்குமிழ், ஹோர்ன், மின்னழுத்தத்தை அடக்கும் கருவி யாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. தீப்பொறி தரும் தொடுமுனைகளை அகற்றித் தேயாத மின்னணுப் பெட்டி பொருத்தியது அடுத்த மாற்றம். இவ்விரண்டும் செய்யத்தக்கவை என்றே நாம் கூறுவோம். உயிரோடு வீடு சேர்வதற்கு வேண்டிய வெளிச்சத்தைப் பழமையின் பெயரால் மறுப்பதில் பொருளில்லை.

மற்றச் சில மாற்றங்கள் உள. சைலன்சரின் வயிற்றைக் குடைந்து ஊரை எழுப்புவது ஒன்று. அதனால் வேகம் கூடுகிறது என்று இளைஞர் நம்புகின்றனர். காபரேற்றரின் அளவை மாற்றாமல் இவ்வாறு செய்தால் எரிபொருட் கலவை வறண்டு, வால்வு சூடேறிப் பொசுங்குவதே பெரும்பாலும் நிகழ்வது. சத்தம் கூடுகிறது, வேகம் அவர்கள் காதில் மட்டும் கூடுகிறது. கால் மறைப்பையும் சங்கிலி உறையையும் கழற்றி எறிவது இன்னொன்று. மணல் பறக்கும் கடற்கரையில் திறந்த சங்கிலி எத்தனை நாள் தாங்கும்? ஜப்பானியர் பணம் செலவிட்டு மூடி அனுப்பியதை நாம் உழைத்துத் திறப்பது எமக்கு விளங்காத விசித்திரங்களுள் ஒன்று.

மூன்றாவது மாற்றம் பெரிது. சீனத்திற் செய்யப்படும் 110 சிசி இயந்திரங்கள் பல, கப்பின் அமைப்பைப் பின்பற்றியவை. பழைய சட்டத்தின் அதே துளைகளில் பொருந்தக்கூடியவை. தேய்ந்த இயந்திரத்தை வீசிவிட்டுப் புதியதைப் பூட்டினால் ஒரு பகலில் வண்டி குமரனாகிவிடும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் இயந்திர எண் வேறு, வண்டியில் இருக்கும் எண் வேறு என்றாகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்தாமல் ஓட்டினால், அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் வேறொரு வண்டி. எண் என்பது வெறும் எண்ணன்று என்பதை இக்கரை மூன்று தடவை கற்றுக்கொண்டது.

முதல் தடவை 1990. அவ்வாண்டு இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அனுபவித்த துயரத்தை இரு சாராரும் அறிவர். யார் துயரம் பெரிதென்று அளக்கும் இடம் இதுவன்று. மூன்று மைல் தூரத்திலுள்ள அடுத்த ஊருக்குப் போவது கடல் கடப்பதை விடக் கடினமான மாதங்கள் அவை. அப்போது நாம் பத்து வயதுச் சிறுவர். எம் தந்தையாரின் வண்டி பிஸ்ரன் மாற்றுவதற்காகக் காக்காவின் கராஜில் கழற்றிய நிலையில் இருந்தது. போகவும் முடியவில்லை, கேட்டனுப்பவும் முடியவில்லை. வண்டி போய்விட்டதென்றே வீட்டில் முடிவு செய்திருந்தோம். பதினொரு மாதம் கழித்து நிலைமை சற்றுத் தணிந்தபின், தந்தையார் அவ்வழியே சென்றார். கிடுகு மறைப்பின் கீழ், சாக்கு விரித்து மூடியபடி வண்டி நின்றது. புது வளையங்கள் பூட்டப்பட்டிருந்தன. அக்கம்பக்கத்தார் அது யாருடைய வண்டி என்று கேட்டபோதெல்லாம், எண்ணைத் துடைத்துக் காட்டிப் பதிவில் உள்ளவர் பெயரைச் சொன்னாராம் காக்கா. தந்தையார் நாத்தழுதழுக்க நன்றி கூற முயன்றதற்கு அவர் விடை: "வண்டி எங்கிட்ட கெடந்தா அது ஒங்கட வண்டி இல்லாமப் போயிருமா மாஸ்டர்?" வளையங்களுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் காசு வாங்கினார்.

இரண்டாம் தடவை 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் கடலோரத் தெருக்கள் தெருக்களாக இல்லாது போயின. எம் வீட்டார் தப்பினர். அயல் வீட்டாரில் அனைவரும் தப்பினர் என்று சொல்வதற்கில்லை. காக்காவின் குடும்பத்தில் இருவர் போயினர். மனிதரைப் புதைத்துக்கொண்டிருந்த நாட்களில் வண்டியைப் பற்றி யார் நினைப்பார்? ஐந்தாம் நாள் ஒரு தென்னந்தோட்டத்தில் அதைக் கண்டவர் வந்து சொன்னார். பதிவுப் புத்தகம் அலுமாரியோடு கடலுக்குள் போய்விட்டது.

2005 பெப்ரவரியில், நிவாரணத்துக்கு வந்த நீலத் தறப்பாள் ஒன்றின் கீழ் காக்கா மறுபடி தொழில் தொடங்கினார். எட்டு ஒன்பது ஊர்களின் வண்டிகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. கடல்நீர் புகுந்த இயந்திரத்தை மீட்பது எவ்வாறு என்பதை நாம் அப்போது கூட நின்று பார்த்தோம். உதைத்து இயக்கிப் பார்க்கவே கூடாது. உள்ளிருக்கும் மணல் சிலிண்டரைக் கீறிவிடும். முதலில் பிளக்கைக் கழற்றி நீரை வடித்தார். நன்னீரால் இரண்டு முறை கழுவினார். உப்பைக் கரைப்பது நன்னீரே. எண்ணெயால் உப்புப் போகாது. அதன்பின் மண்ணெண்ணெய், அதன்பின் மலிவான எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றி வடித்தல், மீண்டும் ஊற்றல், மீண்டும் வடித்தல். வடியும் எண்ணெய் பால் நிறம் மாறித் தெளியும்வரை அது தொடர்ந்தது. குண்டுப் போதிகைகள் யாவும் புதிதாயின. மெக்னட்டோச் சுருளைப் பச்சை பூத்த செப்பாகக் கண்டு வீசினார். சிலிண்டர் குழி விழுந்திருந்ததால், துளையைச் சற்றே அகலக் குடைந்து பெரிய பிஸ்ரன் போட்டார்.

ஆனால் வண்டி ஓடத் தொடங்கியபின்னும் அது எம்முடையது என்பதற்கு ஆதாரம் இல்லை. சட்டத்தில் பொறித்த எண் ஒன்றே எஞ்சியது. அந்த எண் தெளிவாய் இருந்ததால் திணைக்களத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் புத்தகத்தின் பிரதியைப் பெற முடிந்தது. துரு தின்ற சட்டங்களையுடைய சிலரால் அது முடியவில்லை. அவ்வண்டிகள் பாகம் பாகமாகப் பிரிந்து, வேறு வண்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன. இருபது வருடமாகக் காக்கா எண்ணெய்த் துணியோடு முதலில் எங்கே கை வைக்கிறார் என்பதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

மூன்றாவது தடவை அனைவர் நினைவிலும் பசுமையாக உள்ளது. 2022இல் நாடு முழுதும் பெற்றோல் இல்லாமற் போயிற்று. நாட்கணக்கில் வரிசை நின்றோம். ஜூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டனர். குறியீட்டைப் பெற வாகன எண்ணோடு சட்டத்தின் எண்ணையும் பதிய வேண்டும். பெயர் மாற்றாமல் 'ஓபன் பேப்பரில்' நான்கு கை மாறி வந்த வண்டிகளின் சொந்தக்காரர் பலர், தம் புத்தகத்தை அன்றுதான் ஊன்றிப் படித்தனர். அந்த 4 லீற்றரில் எம் சி. 90 கிழமை முழுதும் கல்லூரிக்கும் சந்தைக்கும் ஓடியது. லீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அது தருகிறது. பெரிய வண்டி வைத்திருந்த நண்பர் சிலர் அப்போது எம்மோடு வழக்கத்தை விட அன்பாகப் பழகினர்.

இந்நெருக்கடியைக் கண்டு யாழ்ப்பாணத்தார் புன்முறுவல் பூத்திருப்பர். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் அங்கே பெற்றோல் என்பது மருந்து போல் துளித்துளியாய் அளக்கப்பட்டது. அவர்கள் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் தீப்பொறி பட்டாலும் பற்றாது. ஆதலின் சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் விட்டனர். வழியில் அணைத்தால் மறுபடி சில துளி வேண்டும். புகை தெருவை மறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டி இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆயினும் அந்த இயந்திரங்கள் பொறுத்துக்கொண்டன. கணினிப் பெட்டி ஒன்று அளந்து எரிபொருளைத் தெளிக்கும் இக்கால வண்டியில் இவ்வித்தை பலிக்காது. திருகாணி ஒன்றைத் திருப்பித் தன் தேவைக்கு இணங்கச் செய்யக்கூடிய இயந்திரத்துக்குத்தான் இடர்க்காலத்தில் மதிப்பு.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடகீழ்ப் பருவத்தில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேல் வெள்ளம் பாய்வது ஆண்டுதோறும் நிகழ்வது. கணுக்கால் அளவு நீரில் சி. 90, வேகத்தைக் குறைக்காமல் ஒரே சீராக ஓட்டினால் கடந்துவிடும். நின்றுவிட்டால் சைலன்சர் வழியே நீர் உள்ளேறும். உதைக்காமல் தள்ளிக்கொண்டு கரையேறி, பிளக்கைக் கழற்றி உலர்த்துவதே முறை. முழங்கால் அளவு என்றால் வண்டியின் திறமையைப் பேசுவதில் பயனில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில், உழவு இயந்திரத்தில் வந்த மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டு போனது. உழவு இயந்திரத்தையே புரட்டும் நீர் அது. எம் மாணவர் வெள்ளத்தில் வண்டி விட்ட வீரக் கதைகளைச் சொல்ல வரும்போது நாம் கேட்பதில்லை.

இன்று பழைய வண்டிகளுக்குப் புது மவுசு பிறந்துள்ளது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும் வரை, உள்ளதைக் காப்பாற்றுவதே வழி என்றாயிற்று. வேலிக்குள் கோழி அடையும் கூடாயிருந்த சி. 50கள் எல்லாம் வர்ணம் பூசிக்கொண்டு தெருவுக்கு வந்தன. ஜப்பானிலேயே 50 சிசி கப்பின் உற்பத்தி 2025இல் முடிவுக்கு வந்துவிட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் அதனைக் கொண்டு வருவது கட்டுப்படியாகவில்லையாம். வர்ணம் பூசுவோர் எம் ஊர்களில் நிறைய உளர். வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீற்றருக்குக் கையுணர்வால் சரி செய்வோர் எத்தனை பேர்? காக்காவுக்கு இப்போது அறுபத்தைந்து வயதாகிறது. மகன் கட்டாரில் குளிரூட்டிப் பொறிகளைப் பார்க்கிறார். கராஜில் பாண்டிருப்புப் பையன் ஒருவனும் சாய்ந்தமருதுப் பையன் ஒருவனும் கற்கிறார்கள். இருவரும் தொழிற்கல்விச் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டே மாலையில் வருபவர்கள். பாகத்தின் பெயரை அவர்கள் கைபேசியில் தேடிக் காட்டுகிறார்கள். காக்கா கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, படத்தைப் பார்த்து, "இது தொண்ணூறுக்குப் போடாது, எழுவதுக்குரியது" என்கிறார்.

எம் வண்டியின் சிலிண்டர் இதுவரை மூன்று முறை குடையப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீற்றர். தொழிற்சாலை வகுத்த கணக்குப்படி நான்கு முறைதான் குடையலாம். அதற்குமேல் சுவர் மெலிந்துவிடும். நான்காவது அளவுக்குரிய பிஸ்ரன் ஒன்றைக் காக்கா எங்கோ தேடிப் பிடித்து, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, வண்டியின் எண்ணை அதன்மேல் பென்சிலால் எழுதித் தம் அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறார்.